வழுக்கைக் காசுகள்

அந்த வீட்டில் மூத்தவளுக்கு வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு என்னவோ எழுதியிருந்தது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று இடுப்பில் கைவைத்து அவள் வாதாடுவதைப் பார்த்து அப்பா வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. பதினோரு வயதிலேயே இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில் அவளுக்குப் பெருமைதான்.

தம்பிக்குப் பொடியன் என்று பெயர். வயது ஆறு. பட்டப்பகலிலும் கையில் டார்ச்லைட்டோடுதான் திரிவான். ஏன் என்று கேட்டால், "திடீர்னு இருட்டாயிட்டா?" என்பான்.

அம்மா பேருந்து ஓட்டுகிறவர். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அந்த அப்பாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பார். அதிலும் மின்னுகிற நாணயத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோய், மேலே இருந்தது ராஜாவா கப்பலா என்றே தெரியாமல் மொழுமொழுவென்று ஆன நாணயம்தான் அவருக்கு வேண்டும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் வழுக்கைக் காசு.

"பகலெல்லாம் முடி வெட்டறது. சாயங்காலம் வந்து வழுக்கையைச் சேக்கறது. என்ன பொழைப்போ!" என்பார் அம்மா.

"மின்னுற காசு பெட்டிக்குள்ளயே தூங்கினது. இது ஊரெல்லாம் சுத்தினது. எத்தனை பேர் பாக்கெட்டைப் பாத்திருக்கும்!" என்பார் அப்பா.

மொத்தம் முப்பத்தாறு வழுக்கைக் காசுகள் அவரிடம் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் தனி டப்பாவில், பஞ்சுமேல் இருக்கும். யாரோ ஒரு வாடிக்கையாளர் சில்லறையோடு சில்லறையாகக் கொடுத்துவிட்டுப் போன காசு. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இந்த ஆசையே வந்தது. மற்ற காசுகளில் ஒரு வளைவோ அரை எழுத்தோ மிச்சம் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. பளிச்சென்ற மேசை விளக்குக்கு நேர் கீழே வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, பதினைந்து வருடமாகப் பார்க்கிறார். ஒரு கோடுகூடத் தெரிந்ததில்லை. அதன் பெயர் முழுவழுக்கை.

நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில் மேசை கேட்டு அப்பா நான்கு வருடம் விண்ணப்பம் போட்டார். இந்த வருடம்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் சீப்பு சொருகிய பையுமாக அவர் கிளம்ப, குடும்பமே கூடக் கிளம்பியது. பேருந்தில் அம்மா சும்மா வரவில்லை. "பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க?" என்று ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கண்காட்சி நடந்த மண்டபம் பெரிதாக இருந்தது. ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த மேசை கடைசி மூலையில், மேடைப் படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரு டியூப்லைட், எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நல்ல இடம்தான். குழாய் பக்கத்துல இருக்கு. தண்ணி குடிக்க வர்றவங்க எல்லாம் நம்மளைப் பாப்பாங்க" என்றார் அப்பா.

பக்கத்து மேசையில் எல்லாமே மின்னியது. நாணயங்கள் மின்னின. கண்ணாடிப் பெட்டி மின்னியது. மேசைக்குச் சொந்தக்காரரின் காலணி மின்னியது. தலையும் மின்னியது. பொடியன் உடனே அவருக்கு மினுமினு மாமா என்று பெயர் வைத்துவிட்டான். நல்ல வேளை, அக்காவின் காதில் மட்டும் சொன்னான்.

அப்பா பலகையை எடுத்து வைத்தார். அழகான பெரிய எழுத்தில் 'வழுக்கைக் காசுகள்' என்று எழுதியிருந்தது.

மினுமினு மாமா எட்டிப் படித்தார். மெல்லத் தன் தலையைத் தடவிக்கொண்டார். "தம்பி, என்னைச் சொல்லலியே?" என்றார்.

அப்பா பதறிப்போனார். மாமா வாய்விட்டுச் சிரித்து, பொடியனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

அதற்குள் சங்கத்தின் செயலாளர் மைக்கில் பேசத் தொடங்கினார். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் வாசலில் ஒரு மஞ்சள் பொத்தான் கொடுப்பார்களாம். எந்த மேசை பிடித்திருக்கிறதோ அங்கே உள்ள கிண்ணத்தில் அதைப் போட வேண்டுமாம். "இடம் கேட்டு வெளியில நிறைய பேர் காத்திருக்காங்க. அதனால பத்துப் பொத்தானாவது விழாத மேசைக்கு அடுத்த வருஷம் இடம் இல்லைங்க!"

வக்கீல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த மேசை. அப்பா கிண்ணத்தைத் துடைத்து முன்னால் வைத்தார்.

முதல் பொத்தான் சீக்கிரமே விழுந்தது. அம்மா போட்டது.

"பொடியா, உன் பொத்தான் எங்கடா?" என்று கேட்டாள் வக்கீல். அவளுக்கு 'உதவியாளர்' என்று அட்டை குத்தியிருந்ததால் பொத்தான் கிடையாது.

"மினுமினு மாமா கிண்ணத்துல போட்டுட்டேன். அவருதானே பிஸ்கட் குடுத்தாரு!"

அதற்கு மேல் அவனிடம் என்ன வாதாடுவது!

மதியம்வரை தண்ணீர் குடிக்கப் பலர் வந்தார்கள். குடித்தார்கள். மேசையைப் பார்த்தார்கள். "இதுல ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா சளைக்காமல் ஒவ்வொரு காசாக எடுத்துக் காட்டினார். "இதோ, இந்த ஓரத்துல பாருங்க. கப்பல் மாதிரி இல்ல?" அவர்களும் மரியாதைக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா ஆமா" என்று நகர்ந்துவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். "என்னங்க இது, எல்லாம் செல்லாக்காசு!"

வக்கீலுக்குச் சுருக்கென்றது. கை தானாக இடுப்புக்குப் போனது. "சார், இந்த மண்டபத்துல செல்லுற காசு உங்க பாக்கெட்ல மட்டும்தான் இருக்கு. மத்த மேசையில இருக்கறதும் செல்லாக்காசுதான். அதைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க?"

அவர் திகைத்துப்போனார். "சரியாத்தான் சொல்றே பாப்பா!" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தன் பொத்தானைக் கொண்டுபோய் மினுமினு மாமாவின் கிண்ணத்தில் போட்டார்.

வாதத்தில் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் கிண்ணத்தில் அம்மாவின் பொத்தான் மட்டும் தனியாகக் கிடந்தது. ஜெயித்தும் இப்படி வருத்தமாக இருக்கும் என்று வக்கீலுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மணிக்கு டியூப்லைட் யோசித்து முடித்துவிட்டது. இரண்டு முறை கண்சிமிட்டி, அணைந்தேபோனது. மூலை முழுக்க மங்கலாகிவிட்டது.

செயலாளர் ஓடிவந்து மேலே பார்த்தார். "அடடா! எலக்ட்ரீஷியன் சாயங்காலம்தான் வருவார். வேற மேசையும் இல்ல. நீங்க வேணும்னா..." என்று இழுத்தார்.

"பரவாயில்லைங்க. நான் எடுத்து வெச்சுடறேன்" என்றார் அப்பா.

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கடை அடைக்கும்போதுகூட ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கிற அப்பா, இப்போது வாயே திறக்காமல் காசுகளைப் பெட்டியில் அடுக்கினார். வக்கீல் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கொஞ்சம் இருங்க. மூடாதீங்க."

"இருட்டுல யாரும்மா பாக்கப் போறாங்க?"

மேசைக்கு அடியில் பொடியன் குகை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். தான் எதிர்பார்த்த இருட்டு வந்துவிட்டதில் அவனுக்குப் பரம சந்தோஷம். வக்கீல் கையை நீட்டி டார்ச்சைப் பிடுங்கினாள். கப்பல் இருப்பதாக அப்பா சொல்லும் காசின்மேல் நேராக அடித்தாள். காசு வெள்ளைவெளேரென்று மின்னிக் கண்ணைக் கூசவைத்தது. கப்பலும் இல்லை, தோணியும் இல்லை.

நேராக அடித்தால் தெரியவில்லை. சரி, கடையில் அப்பா எப்படிச் செய்வார்?

வக்கீலுக்குச் சட்டென்று கடையின் விளக்கு ஞாபகம் வந்தது. முடிவெட்டி முடிந்ததும் அப்பா ஒரு வேலை செய்வார். விளக்கின் கழுத்தை வளைத்து, வாடிக்கையாளரின் பிடரிக்குப் பக்கவாட்டில் கொண்டுவருவார். மேலிருந்து வெளிச்சம் விழும்போது கண்ணில் படாத குட்டிக் குட்டி முடியெல்லாம், பக்கத்திலிருந்து விழும்போது நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு ஒன்றுகூடத் தப்பாது.

அவள் டார்ச்சைக் கீழே இறக்கினாள். மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, வெளிச்சம் காசை உரசிக்கொண்டு போகும்படி மெல்லத் திருப்பினாள்.

காசில் ஒரு கப்பல் வந்து நின்றது.

பாய்மரம், கயிறு, கீழே இரண்டு அலை. எல்லாம் மெல்லிய நிழலாகத் தெரிந்தது. டார்ச்சைக் கொஞ்சம் தூக்கினாள், மறைந்துவிட்டது. இறக்கினாள், மறுபடி வந்தது.

"அப்பா! சீக்கிரம் வாங்க!"

அப்பா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்படிம்மா?"

"நீங்க தினமும் கடையில செய்யறதுதான். பிடரியில பாக்கறதைக் காசுல பாத்தேன். அவ்வளவுதான்."

"தினமும் நான் செய்யறதுதான்..." அப்பா தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "எனக்கு ஏன் தோணலை?"

"பொடியன் டார்ச் உங்ககிட்ட இல்லையே. அதான்" என்றார் அம்மா. பொடியன் மேசைக்கு அடியிலிருந்து ராஜா மாதிரி வெளியே வந்தான்.

வேலை மளமளவென்று நடந்தது. அப்பா காசுகளை மறுபடி வெளியே எடுத்தார். அம்மா, பேருந்து நிலையத்தில் கூட்டத்தைக் கூப்பிடுகிற குரலை எடுத்தார். "வாங்க வாங்க! வரிசையா வாங்க! இருட்டுல மட்டும் தெரியற காசு!" அந்தக் குரலுக்கு மண்டபமே திரும்பியது.

முதலில் ஒரு சிறுமி வந்தாள். வக்கீல் டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். "நீயே கண்டுபிடி. மெதுவாத் திருப்பு."

"ஐ! குதிரை!"

அந்தக் கூச்சலில் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு நெற்கதிர் தெரிந்தது. ஒருவருக்கு அரை மீசை தெரிந்தது. மீசைக்குச் சொந்தக்காரர் யார் என்று இரண்டு பேர் வாதாடத் தொடங்கினார்கள். தானாகக் கண்டுபிடித்தவர்களுக்குப் போக மனம் வரவில்லை. வரிசை குழாயைத் தாண்டியது. கிண்ணத்தில் டொக் டொக் என்று பொத்தான்கள் விழுந்தன. பத்தாவது பொத்தான் விழுந்ததும் வக்கீல் அப்பாவைப் பார்த்தாள். அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் மினுமினு மாமா எழுந்து வந்தார். தன்னுடைய மின்னுகிற மேசையை விட்டுவிட்டுப் பத்துக் காசுகளைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் காசெல்லாம் பாத்த உடனே தெரிஞ்சுடுது. இதுல தேடிப் பாக்கறது நல்லா இருக்கே!" என்றவர், தலையைக் குனிந்து காட்டினார். "பொடியா, இங்கயும் அடிச்சுப் பாரு. ஏதாவது தெரியுதா?"

பொடியன் மிகுந்த பொறுப்போடு பக்கவாட்டில் டார்ச் அடித்து ஆராய்ந்தான்.

"மாமா! மூணு முடி இருக்கு!"

"இருக்கா! வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க" என்று சொல்லி, மாமா தன் கிண்ணத்திலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் போட்டார்.

மாலையில் தனி டப்பா மட்டும் திறக்கப்படாமல் இருந்தது.

"அப்பா, முழுவழுக்கையைப் பாக்கலாமா?"

அப்பா டப்பாவைக் கையில் எடுத்தார். ஆனால் திறக்கவில்லை. "வேணாம்மா. அதுல நிஜமாவே ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுட்டா?"

"ஒண்ணும் இல்லன்னுதானே பேரே வெச்சிருக்கீங்க? அப்புறம் என்ன பயம்?"

அப்பா டப்பாவைத் திறந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். பின்னாலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன். "வந்துட்டார்ங்க! ரெண்டே நிமிஷம், பளிச்னு ஆயிடும்!" எலக்ட்ரீஷியன் விறுவிறுவென்று ஏணியில் ஏறினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்! இருங்க!" என்று கத்தினாள் வக்கீல். அவர் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

பொடியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தான். வக்கீல் காசைத் துளித்துளியாகத் திருப்பினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு துளி.

முதலில் ஒரு நெற்றி வந்தது. பிறகு மூக்கு. ஒரு பெண்ணின் முகம். காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி, கழுத்தைச் சுற்றி, காசின் ஓரம்வரை கனமாக இறங்கியது ஒரு பின்னல்.

"அப்பா, கண்ணைத் திறங்க. சடை! எவ்வளவு நீளச் சடை!"

அப்பா பார்த்தார். முடியைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. "நாலு கால் பின்னல்" என்றார், குரல் கம்ம. "அவிழ்த்தா இடுப்பைத் தாண்டும்." அவர் கண் கலங்கியது. அதே சமயம் சிரிப்பும் வந்துவிட்டது. காசைப் பார்த்துக் கைகூப்பினார். "பதினஞ்சு வருஷமா உங்களைப் போய் முழுவழுக்கைன்னு கூப்பிட்டேனே. மன்னிச்சுக்கோங்கம்மா!"

செயலாளர் குனிந்தார். மினுமினு மாமா குனிந்தார். எல்லாத் தலைகளும் அந்தக் குட்டி வெளிச்சத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

ஏணிமேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியனுக்குக் கால் வலித்தது. "ஏங்க, இப்பவாவது லைட்டைப் போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்!" என்றார்கள் எல்லோரும்.