இறந்தவர் கேட்ட ரிபேட்!

செத்துப்போனவர் கடிதம் போட்டிருந்தார்!

2005 ஏப்ரல். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. கெபெக் மாகாணத்தின் சென்ட் லோரன்டில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நிரஞ்சனி அந்தக் கடித உறையைக் கிழித்தாள். உள்ளே மடித்திருந்த படிவத்தை விரித்தாள். பெயரைப் பார்த்தாள்.

செபமாலை.

"ஐயோ, மாதாவே!"

பாதி அலறல்தான் வெளியே வந்தது. மீதியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பெப்ரவரியில் அந்த மனிதருடைய சவப்பெட்டிக்கு முன்னால் அவள் முழந்தாளிட்டிருந்தாள். அவருடைய மனைவி யோசெப்பினைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். நிலம் பனியில் இறுகிக் கிடந்ததால் பெட்டியை இன்னும் மண்ணுக்குள் இறக்கவில்லை.

அந்த மனிதர் இப்போது கணினி வாங்கியதற்காக நூற்றைம்பது டொலர் ரிபேட் கேட்டு எழுதியிருக்கிறார்!

ரிபேட்... வெகு சுலபமான வார்த்தை. பொருளை முழு விலைக்கு வாங்க வேண்டும். பெட்டியிலிருந்து பார்கோட்டை வெட்டி, பில்லோடும் படிவத்தோடும் தபாலில் அனுப்ப வேண்டும். கம்பெனி கொஞ்சம் பணத்தைக் காசோலையாகத் திருப்பி அனுப்பும்.

அனுப்பினால்!

அனுப்புவதா, மறுப்பதா என்று முடிவு செய்கிற நாற்பது பேரில் நிரஞ்சனியும் ஒருத்தி. மூன்று வருட வேலை. கோயில் மண்டபத்தில் யாராவது கேட்டால், "ஒரு ஒஃபிசிலை வேலை" என்று மட்டும் சொல்லுவாள். ரிபேட் கிடைக்காதவர்கள் அங்கே தேநீர்க் கோப்பையும் கையுமாகத் திட்டுகிற திட்டுகளைக் கேட்டவர்கள், வேறெப்படிச் சொல்லுவார்கள்?

அவள் மறுபடியும் படிவத்தைப் பார்த்தாள்.

இப்போது பெயரை அல்ல... கையெழுத்தை!

இடது பக்கம் சாய்ந்த பெரிய எழுத்துகள். காற்றில் குடை பிடித்துப் போகிறவர்களைப்போல வரிசையாகச் சாய்ந்திருந்தன. இந்த நகரத்தில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான். அந்த ஒருவர்தான் இன்று விடிய அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, டோர்வல் விமான நிலையத்துக்குப் பயணப்பெட்டி ஏற்றப் போனார்.

அருமைநாதன். அவளுடைய கணவன்!

அடுத்த உறையைக் கிழித்தாள். அதே எழுத்து. அடுத்தது... அதே எழுத்து!

அன்று அவளுடைய மேசைக்கு ஒரே கட்டாக வந்த பத்தொன்பது உறைகள். பத்தொன்பது பெயர்கள். எல்லோரும் அவளுடைய கோயில் பங்குச் சனம். எல்லா முகவரியும் அவள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ்.

போன கிழமை கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஒரு சப்பாத்துப் பெட்டி தட்டுப்பட்டது. உள்ளே வெட்டியெடுத்த பார்கோட்டுகள். அருமைநாதன் பாய்ந்து வந்து பறித்தான்.

"அதைத் தொடாதையும்!"

"என்னப்பா இது?"

"ஒண்டுமில்லை. பேந்து சொல்லுறன்."

அந்த 'பேந்து' இப்போது தபாலில் வந்திருந்தது!

"நிரா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மேற்பார்வையாளர் ஜினெத். உதட்டில் சிவப்பு, கையில் காப்பி. எப்போதும் எதையோ மணந்து பார்ப்பது போன்ற மூக்கு.

"விஷயம் தெரியுமா? டொரன்டோ தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருக்கிறார். உங்கள் நாட்டுக்காரர்தான்."

"எதுக்கு, மதாம்?"

"மோசடி பிடிக்க!"

ஜினெத்தின் விரல் கண்ணாடி அறையைக் காட்டியது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். வழுக்கைத் தலை. பென்சிலைக் கடித்தபடி, யாரையும் பார்க்காததுபோல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சனி அந்த உறைகளை மற்ற உறைகளுக்குக் கீழே தள்ளினாள்.

பன்னிரண்டு மணிக்கு மைக்ரோவேவுக்கு முன்னால் அவள் நின்றபோது அந்த ஆள் பக்கத்தில் வந்தார்.

"கத்தரிக்காய்க் குழம்போ? வாசத்திலையே ஊர் தெரியுது. நான் ஞானேந்திரன்."

"நிரஞ்சனி."

"வீடு எங்கை, தங்கச்சி?"

"கோட்-டெ-நெய்ஜ்."

"அப்பிடியோ!" பென்சில் வாயிலிருந்து வெளியே வந்தது. "அங்கை எங்கடை ஆக்கள் கனபேர், என்ன?"

"ஓம்... கொஞ்சப்பேர்."

"அங்கயிருந்து வாற கடிதங்களிலைதான் எனக்கு ஒரு கண்."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"என்ன அண்ணை மோசடி?"

"பார்கோட் விளையாட்டு. எத்தினையோ மாசமா நடக்குது. பொறி வைச்சாச்சு. ரெண்டு நாளிலை ஆள் விழும்."

"விழுந்தா... பொலிசோ?"

"பின்னை? கோயிலுக்கே அனுப்புறது?"

சிரித்துக்கொண்டே போனார்.

குழம்பு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய தலையும்தான்!

அடுத்த மாதம் இருவருக்கும் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். அதற்காக அருமைநாதன் புதுக் கோட்டு வாங்கியிருந்தான். இந்த நேரத்தில் ஒரு மோசடி வழக்கு... கைவிலங்கு... அதுவும் செத்தவருடைய பெயரில் திருடியவன் என்று!

படிக்கட்டுப் பக்கம் ஓடி, செல்போனை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ... ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கை போனனீங்கள்?"

மறுமுனையில் விமானம் ஒன்று உறுமியது.

"ஏன் இப்ப கேக்கிறீர்?"

"சொல்லுங்கோவன்!"

"அது ஒரு அலுவல். ரெண்டு நாள் பொறும். ஒருத்தருக்கும் வாய் திறக்கிறதில்லையெண்டு சொல்லியிருக்கிறன்."

"எனக்குமோ?"

"உமக்குத்தான் முக்கியமாச் சொல்லக்கூடாது!"

டொக்.

வேறென்ன ஆதாரம் வேண்டும்?

நிரஞ்சனி மேசைக்குத் திரும்பினாள். யோசித்தாள். ஏற்றுக்கொண்ட படிவங்களைத்தான் ஞானேந்திரன் பரிசோதிப்பார். மறுத்த படிவங்கள் மாலை ஐந்து மணிக்கு அரைக்கும் இயந்திரத்துக்குள் போய்த் தூளாகிவிடும். அந்தத் தூளை யார் ஒட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மறுக்க ஒரு காரணம் மட்டும் வேண்டும்.

பத்தொன்பது உறைகளையும் ஒவ்வொன்றாக இழுத்தாள். அடடா, என்ன நேர்த்தி! பில்லில் திகதியைச் சுற்றி வட்டம். கறுப்பு மை. பார்கோட்டில் கம்பி குத்தாமல் தனியாகச் சிறு பிளாஸ்டிக் பை. குறை பிடிக்க ஒரு பொட்டு இடம் இல்லை!

இல்லாத குறையை உண்டாக்கினாள்.

பத்தொன்பது பார்கோட்டுகளையும் மடிக்குள் தள்ளினாள். ஒவ்வொரு படிவத்திலும் முத்திரையைக் குத்தினாள்.

மறுக்கப்பட்டது. காரணம்: பார்கோட் இணைக்கப்படவில்லை.

தட்! தட்! தட்!

ஒவ்வொரு தடவையும் கணினி அவளுடைய ஊழியர் எண்ணைக் கேட்டது. நாற்பத்தேழு என்று அடித்தாள்.

செபமாலையின் படிவத்தில் குத்தும்போது மட்டும் கண்களை மூடிக்கொண்டாள்.

பிறகு கழிப்பறை. அட்டைத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். சுழன்றன. போயின. ஒன்று மட்டும் மிதந்து மேலே வந்தது!

மறுபடியும் தண்ணீர்.

மறுபடியும் மேலே!

"நிரா, உள்ளேயா இருக்கிறாய்?" கதவில் ஜினெத்தின் நகங்கள்.

"ஒரு நிமிஷம், மதாம்!"

கையை உள்ளே விட்டாள். எடுத்தாள். சுக்குநூறாகக் கிழித்தாள். மூன்றாம் தடவை தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

வெளியே வந்தபோது ஜினெத் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"பிறாவோ! பலகையைப் பார்!"

சுவரில் வெள்ளைப் பலகை. யார் எத்தனை படிவம் மறுத்தார்கள் என்ற கணக்கு. மூன்று வருடமாகக் கடைசியில் கிடந்த நிரஞ்சனி இன்று முதலாம் இடத்தில்!

எல்லோரும் கைதட்டினார்கள்.

சுவர் வெடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது அவளுக்கு. பரிசாகக் கிடைத்த காப்பிச் சீட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அன்று மாலை வீட்டில் அருமைநாதன் கலகலப்பாக இருந்தான்.

"என்னப்பா, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"தலையிடி."

"நாளையோடை எல்லாம் சரி வரும்."

"என்ன சரி வரும்?"

"நாளைக்குத் தெரியும்!"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு திருடனைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று நினைத்தாள். அந்தத் திருடன் தன் போர்வையில் பாதியை அவளுக்கு இழுத்து விட்டான்.

புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி.

"நாற்பத்தேழு! கண்ணாடி அறைக்கு!"

போனாள். கதவைத் தள்ளினாள்.

உறைந்தாள்!

ஞானேந்திரன் ஒரு பக்கம். ஜினெத் ஒரு பக்கம். நடுவில்... விமான நிலையத்துச் செம்மஞ்சள் உடுப்போடு அருமைநாதன்!

பிடித்துவிட்டார்கள்!

"அவரை விடுங்கோ!" நிரஞ்சனி கத்தினாள். "அவரிலை ஒரு ஆதாரமும் இல்லை! நான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்! பத்தொன்பது பார்கோட்டையும் நான்தான் கிழிச்சு எறிஞ்சனான்!"

அருமைநாதன் மெதுவாக எழுந்தான்.

"என்ன சொல்லுறீர்?"

ஞானேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி... உங்களுக்கு இவவைத் தெரியுமோ?"

"என்ரை மனுசி."

"நிரஞ்சனி தியாகலிங்கம் எண்டெல்லோ இதிலை கிடக்கு?"

"அது தேப்பன்ரை பேர். கெபெக்கிலை கலியாணம் கட்டினாலும் பேர் மாத்த விடமாட்டாங்கள்."

ஞானேந்திரன் பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"தங்கச்சி, நான் பிடிக்க வந்தது கடிதம் போடுற ஆக்களை இல்லை. சரியான கடிதத்தை வேணுமெண்டு மறுக்கிற ஆக்களை!"

"என்... என்ன?"

"உள்ளுக்கை ஆரோ பார்கோட்டைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, இல்லையெண்டு முத்திரை குத்துறதா முறைப்பாடு வந்தது. எழுதினவர் இவர்தான். திரும்பவும் அனுப்புங்கோ, ஒண்டும் பிழை விடாதேங்கோ, ஆருக்கும் சொல்லாதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான். பத்தொன்பது கடிதமும் என்ரை பொறி!"

மேசை முழுவதும் போட்டோக்கொப்பிகள் பரந்து கிடந்தன. படிவம், பில், பார்கோட், தபால் கந்தோர் பதிவுச் சீட்டு... ஒவ்வொன்றும் பத்தொன்பது!

அருமைநாதன் ஒன்றைத் தூக்கினான். அவனுடைய குரல் கரகரத்தது.

"கோயிலிலை சனம் அழுதுதப்பா. ஆங்கிலம் தெரியாது, பிரெஞ்சு தெரியாது... எல்லாம் அனுப்பியும் இல்லையெண்டு மறுப்பு. அதுதான் ஞாயிற்றுக்கிழமையளிலை இருந்து எழுதிக் குடுத்தனான். அனுப்ப முந்தி எல்லாத்தையும் கொப்பி எடு, பதிவுத் தபாலிலை போடு எண்டு ஒவ்வொருத்தருக்கும் படிப்பிச்சனான்."

"ரெண்டாந்தரம் அனுப்பப் பார்கோட்டுக்கு எங்கை போனனீங்கள்?" நிரஞ்சனி கேட்டாள்.

"ஒரு பெட்டியிலை ரெண்டு பார்கோட் ஒட்டியிருக்கு. மற்றதை வெட்டினது. சப்பாத்துப் பெட்டிக்குள்ளை பாத்தனீர்தானே!"

"அப்ப... செபமாலை அண்ணை?"

"சனவரியிலை மகளுக்கு வாங்கின கொம்பியூட்டர். பில் அவற்றை பேரிலை. பில்லிலை இருக்கிற பேரிலைதான் போடோணும் எண்டு உங்கடை விதி சொல்லுதே!"

மூன்று வருடமாக ஒவ்வொரு உறையிலும் அவள் முதலில் பார்ப்பது பில் திகதியைத்தான். இந்தப் பத்தொன்பதில் மட்டும் அந்த வட்டத்தைக் கண்டாள்... வட்டத்துக்குள் இருந்ததை வாசிக்கவில்லை!

"காலையிலை இவருக்கு என்ன சொன்னனான் தெரியுமே?" அருமைநாதன் ஞானேந்திரனைக் காட்டினான். "உள்ளுக்கை ஒரு நேர்மையான ஆள் இருக்கிறா. அவவின்ரை மேசைக்குப் போனால் ஒண்டும் மறுபடாது எண்டு. ஆரெண்டு மட்டும் சொல்லேல்லை."

நிரஞ்சனி தரையைப் பார்த்தாள்.

"என்னைக் கள்ளன் எண்டு நினைச்சிட்டீர்."

அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

ஜினெத் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"மதாம், உட்காருங்கள்!" ஞானேந்திரன் ஆங்கிலத்துக்கு மாறினார். "அந்த வெள்ளைப் பலகை எதற்கு?"

"அது... சும்மா... காப்பிப் போட்டி!"

"தங்கச்சி." அவர் வெற்றுத்தாள்களை நிரஞ்சனியிடம் தள்ளினார். "பத்தொன்பது பேருக்கும் இந்தக் கொப்பியளை வைச்சுக் காசு குடுக்கலாம். உங்கடை வேலை போச்சு. அதிலை கதையில்லை. ஆனால் மூண்டு வருசமா இஞ்சை நடந்ததெல்லாத்தையும் எழுதித் தந்தால், உங்களைப் பொலிசுக்குக் குடுக்காமல் விடுறன்."

எழுதினாள். யார் பிடுங்கினார்கள், யார் பிடுங்கச் சொன்னார்கள், எத்தனை நாள் அதைக் கண்டும் தன் மேசையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்... நான்கு பக்கம்! கடைசி வரியில் தன்னுடைய பெயரையும் எழுதினாள். முகம் எரிந்தது.

வெளியே பழைய பனி கறுத்து உருகி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மெத்றோ சுரங்க ரயில் நிலையம் வரை நடந்தார்கள்.

மேடையில் நின்றபோது அவள் கேட்டாள்.

"என்னிலை கோவமோ?"

"கோவமில்லை. வெக்கம்."

"எனக்காகவோ?"

"ஓம். எனக்காகவும்தான். பத்து வருசம் பக்கத்திலை கிடந்தும் நான் ஆரெண்டு உமக்குக் காட்டேல்லையே..."

அவள் அழுதாள். ரயில் வந்தது. போனது. அவர்கள் ஏறவில்லை.

"ஞாயிறு பூசை முடிய, அந்தப் பத்தொன்பது குடும்பத்துக்கும் நடந்ததைச் சொல்லோணும்" என்றான். "யோசெப்பின் அக்காவுக்கு முதல்."

"ஐயோ, எப்பிடியப்பா முகத்திலை முழிக்கிறது? மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடிதம் போட்டால் காணாதோ?"

அருமைநாதன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நேரிலை போய்க் கேளும். கடிதத்தை நம்பேலாது... இடையிலை உம்மைப்போல ஒராள் இருந்தால் போய்ச்சேராது!"