பதினான்காவது நிபந்தனை

துயில்பேழைக்குள் மந்திரி படுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. உடம்புச் சூடு நான்கு டிகிரி, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு இரண்டு. சோறு வேண்டாம், குரைப்பும் கிடையாது. விடுதிகளில் நாய்க்கு இடமில்லை என்பதால், நாயை விட்டுவர மனமில்லாமல் நடைபாதையிலேயே கிடந்தவர்களுக்காக வந்த கருவி அது. நாய் தூங்கும், ஆள் விடுதிக்குப் போவார், வீடு கிடைத்ததும் எழுப்பிக்கொள்ளலாம். நடைபாதை சுத்தமாகிவிட்டது. ஊருக்கே சந்தோஷம்.

எட்டியப்பன் மட்டும் தினமும் மூட்டை தூக்கப் போகிற வழியில் வந்து, தன் நாய் மந்திரியின் பேழைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார்.

"மந்திரி இன்னும் எழுந்திரிக்கலையாண்ணா?" என்பாள் காப்பக அலுவலர் சங்கவை.

"மந்திரின்னா தூங்கத்தான மேடம் செய்வாரு."

அன்று அவர் வீட்டுச் சாவியோடு வந்தார். பதினோராவது மாடி, ஒற்றை அறை. நாய்க்குப் புதுச் சங்கிலிகூட வாங்கியிருந்தார். சங்கவை எழுப்பும் பொத்தானை அழுத்தினாள். பேழை மறுத்தது. வீட்டு ஒதுக்கீட்டின் பதினான்காவது நிபந்தனையைத் திரையில் காட்டியது: குடியிருப்பில் விலங்குகள் கூடாது. வீடு இல்லாதவரின் நாயை எழுப்ப முடியாது. வீடு கிடைத்தவர் நாய் வளர்க்க முடியாது.

அவளுக்கு இது புதுசு இல்லை. அதுதான் கொடுமை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவள். பத்து வயதிலிருந்து தெருவுக்கே படிவம் வாசித்து, நிரப்பிக் கொடுத்தவள். மூன்று வருடத்துக்கு முன்பு, மந்திரியைப் படுக்கவைத்த நாளில், எட்டியப்பனுக்கு மட்டும் வீட்டு ஒதுக்கீட்டுப் படிவத்தைப் பதிமூன்றாவது வரியோடு நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். வாசித்திருந்தால் அவர் கைநாட்டு வைத்திருக்க மாட்டார். அன்று மழைத்தண்ணீர் அவர் முழங்காலுக்கு ஏறியிருந்தது என்று இத்தனை நாள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த மாதம் விடுதிக்கு அனுப்பவேண்டிய கணக்கில் ஒரு ஆள் குறைந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றைக்கே தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்ணா."

சாவியை மேசைமேல் வைத்தார். "அப்ப எனக்கும் ஒரு பொட்டி குடுங்க. அதும் பக்கத்துல படுத்துக்கறேன். நாயோட உள்ள உடற வீடு வந்தா ரெண்டு பேரையும் எழுப்புங்க."

கோபமா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் மனுவாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். படிப்பவர்கள் வெட்கப்பட்டு நிபந்தனையை எடுத்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

எட்டே நாளில் பதில் வந்தது. அருமையான யோசனையாம். இனி விடுதிகளே தேவைப்படாதாம். நிபந்தனையைப் பற்றி ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை நூறு பேழைகள் வந்து இறங்கின, ஆள் நீளத்துக்கு. முதல் பேழையில் எட்டியப்பனின் பெயர் ஒட்டியிருந்தது. அதன் கீழே, பரிந்துரைத்தவர் என்ற இடத்தில், அவள் பெயர்.

அவர் சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் நீட்டினார்.

"மந்திரி பக்கத்துலதான வெப்பீங்க?"