பல்லைக் காட்டிய பலகை

டெலிபோன் அலறியது!

குற்றாலம் பஞ்சாயத்து ஆபீஸ். 1963, ஜூலை. வெளியே சாரல். இன்ஸ்பெக்டர் நாறும்பூநாதன் உதடு வரை வந்த சுக்குக்காப்பியைக் கீழே வைத்தார்.

"என்னவே இன்ஸ்பெக்டர், தூங்குதீரா? ஐந்தருவி ரோட்டுல இன்னொரு பல்பொடி போர்டு!"

சாரல் லாட்ஜ் முதலாளி சங்கரலிங்கம். ஆளைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் எட்டு நாளாய் மனப்பாடம்!

"கழட்டிருதேன் அண்ணாச்சி..."

"நாளைக்குள்ள வச்சவனைப் பிடிக்கலன்னா கலெக்டருக்குத் தந்தி! உம்ம வேலை போயிரும்!"

டொக்!

இது ஆறாவது போர்டு. அனுமதி இல்லை. விலாசம் இல்லை. மரத்தில் ஆணி அடித்த தகரத்தில் ஒரு மீசைக்காரன், தெத்துப்பல் தெரியச் சிரித்தான்.

'முத்துச்சிரிப்பு பல்பொடி. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.'

எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை!

மறுநாள் விடியற்காலை. ஐந்தருவி ரோட்டில், புளியமரத்துக்குப் பின்னால் குடையோடு பதுங்கினார் நாறும்பூநாதன்.

ஒரு சைக்கிள் வந்தது. மரத்தில் ஏணி சாய்ந்தது. டக்... டக்...

"ஏலே! யாருலே அது?"

"ஐயோ!"

ஏணி சறுக்கியது. உருவம் தொப்பென்று விழுந்தது. அசைவில்லை!

வேலை போவது இருக்கட்டும்... கொலைக்கேஸே வந்துவிட்டதே! குனிந்து பார்த்தார்.

சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. ஒரு பெண்!

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் போகலியா சார்?"

பெயர் ஜெபமலர். தென்காசியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவள்.

"பல்பொடி எங்கம்மா?"

"பல்பொடியே கெடையாது சார். பல்லு மட்டுந்தான் நெசம்."

"வெளையாடுதியா?"

அவள் முகம் மாறியது.

"போர்டுல சிரிக்கானே, இவன் எங்க அக்கா ரெபேக்காளோட புருஷன் சார். நாலு வருஷத்துக்கு முன்னால நகையெல்லாம் அள்ளிட்டு ஓடிட்டான். அக்கா பீடி சுத்திப் பிழைக்கா. போலீஸ்ல போட்டோ கேட்டாக. கல்யாண போட்டோவையும் கொண்டுபோயிட்டான். எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கு... வரையவும் வருது. சீசனுக்குச் சனமெல்லாம் இங்கன வருது. யாராச்சும் 'இவனை எனக்குத் தெரியும்'னு சொல்ல மாட்டாகளான்னு..."

"ஆளைத் தேடுதோம்னு எழுத வேண்டியதுதான?"

"எழுதுனா ஓடிருவானே!"

"யாராச்சும் சொன்னாகளா?"

"எங்க சார்? நீங்க வந்து கழட்டுதீக. அம்புட்டுதான்."

நாறும்பூநாதன் ரோட்டைப் பார்த்தார். பீடி போர்டு. சோடா போர்டு. சர்க்கஸ் போர்டு. ஒன்றுக்கும் அனுமதி கிடையாது! இத்தனையும் சங்கரலிங்கம் கண்ணில் படவில்லை. பல்பொடி மட்டும் ஏன் உறுத்துகிறது?

"சைக்கிளை எடும்மா!"

சாரல் லாட்ஜ். வழியில் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிக் கூட்டிவந்த ஏட்டு சுடலைமாடனும் ஜெபமலரும் வாசலில் தகரத்தை நிமிர்த்திப் பிடித்து அதன் மறைவில் நின்றார்கள். நாறும்பூநாதன் மட்டும் உள்ளே போனார்.

நாற்காலியில் சங்கரலிங்கம். முகம் முழுக்கப் புதர் மாதிரி தாடி!

"போர்டு வச்ச ஆளைப் பிடிச்சாச்சு அண்ணாச்சி."

"ய... யாரு?"

"ஒரு கிறுக்கு. எதுக்கு வச்சோம்னே தெரியல. ஆறு மாசம் உள்ள தள்ளிருவாக. இனிமே ஒரு போர்டு வராது!"

எட்டு நாள் பயம் ஒரே நொடியில் இறங்கியது. சங்கரலிங்கம் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டுச் சிரித்தார்.

தாடிக்கு நடுவே... தெத்துப்பல்!

"அத்தான்!"

தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஜெபமலர் வந்தாள்.

"இந்தச் சிரிப்புக்காகத்தான் எட்டு நாளா ஏணி ஏறுதேன்!"

வாய் படக்கென்று மூடியது. அதற்குள் ஏட்டின் கை தோளில் விழுந்துவிட்டது.

மத்தியானம் ரெபேக்காள் ஸ்டேஷனுக்கு வந்தாள். கம்பிக்குள் ஒரு தடவை பார்த்தாள்.

"நகையை மட்டும் வாங்கிக் குடுங்க ஏட்டையா. ஆளை நீங்களே வச்சுக்கிடுங்க."

ஜெபமலர் மிச்சப் போர்டுகளைத் தானே கழற்றிக் கொண்டுவந்து பஞ்சாயத்து ஆபீசில் போட்டாள். அவளுக்கு நோட்டீஸ் எழுதப் பேனாவை எடுத்த நாறும்பூநாதன், மை இல்லை என்று மூடிவைத்தார். மை இருந்தது!

அப்போது கடையநல்லூர்க் கடைக்காரர் ஹபீபுல்லா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"சார், சீசனுக்கு வந்துட்டுப் போற சனமெல்லாம் முத்துச்சிரிப்பு பல்பொடி கேட்டுக் கடைய மொய்க்குது! சரக்கு எங்கன கெடைக்கும்?"

"ஒரே ஒரு டப்பாதான் பாய். அதுவும் லாக்கப்புல இருக்கு" என்றார் நாறும்பூநாதன். "காலையில இருந்து மூடியத் திறக்க மாட்டேங்குது!"