கடைசிப் பெயர் வரும்வரை

மாலையானதும் மின்தூக்கிக் கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கடலடிப் பண்ணையில் வேலை முறை முடித்தவர்கள் மேலே வரும் நேரம் அது. தூத்துக்குடியில் பாதி வீடுகளுக்கு இப்போது அந்தப் பண்ணைதான் பிழைப்பு. கீழே அழுத்த அறையில் ஒவ்வொருவர் இரத்தத்திலும் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று கருவி சோதிக்கும். தேறியவர்களின் பெயர்கள் கூடத்துப் பலகையில் ஒளிரும். பிறகுதான் மின்தூக்கி அவர்களை ஏற்றும்.

பண்ணையில் கணினி நிரல் எழுதும் ஜெசிந்தாவுக்கு அன்று உட்கார முடியவில்லை. அந்தக் கருவியின் நிரலைக் காலையில்தான் மாற்றியிருந்தாள். அவள் தம்பி ரோமால்டும் கீழே இருந்தான்.

பழைய நிரல் முதலில் பெயர்களுக்கான ஒரு வெற்றுத் தொகுப்பை உண்டாக்கும். திரும்பத் திரும்ப ஓடும் சுழலில் ஒவ்வொருவராகச் சோதித்து, தேறியவர் பெயரை அதில் சேர்க்கும். கடைசி ஆளையும் பார்த்த பிறகே தொகுப்பை மொத்தமாக மேலே அனுப்பும். போன வாரம் முதலில் தேறிய ஒருவர், மற்றவர்கள் முடியக் காத்திருந்து அங்கேயே மயங்கி விழுந்தார்.

"தேறினவங்கள எதுக்கு சார் உள்ள வச்சிருக்கணும்?" என்று பொறியாளர் சண்முகவேலிடம் கேட்டுவிட்டு, அவள் தொகுப்பையே நீக்கினாள். ஒருவர் தேறியதுமே பெயரை மேலே கொடுத்துவிட்டு, சுழல் அடுத்தவரிடம் போகும். நிரல் பாதியாகச் சுருங்கியது.

பலகையில் முதல் பெயர் விழுந்தது. ரோமால்ட். ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

அடுத்த பெயர், அதற்கடுத்தது. பெயர் வந்த வீட்டார் எழுந்து மின்தூக்கி வாசலுக்கு ஓடினார்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். முன்பெல்லாம் எல்லாரும் ஒரே பயத்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெஞ்சு காலியானது.

கடைசியில் ஸ்டெல்லா மட்டும் இருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. பலகையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளு பேரு வரலியே, ஜெசி."

"வரும்க்கா. சுழல் இன்னும் ஓடுது."

ரோமால்ட் ஈரத் தலையோடு வந்து நின்றான். "போலாமாக்கா? பசிக்குது."

"செத்த இரு" என்றாள். அவள் கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

சோதனை முடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. புதிய பெயர் எதுவும் இல்லை. ஸ்டெல்லா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் சாய்ந்துகொள்ள அங்கே வேறு தோள் இல்லை. ஜெசிந்தா அருகில் போய் அமர்ந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கீழிருந்து அழைப்பு வந்தது. ஸ்டெல்லாவின் கணவருக்கு இரத்தத்தில் காற்றுக்குமிழி, சிகிச்சை அறையில் வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை.

மறுநாள் சண்முகவேல் கேட்டார்: "பழையபடி மாத்திடலாமாம்மா? ஸ்டெல்லா தனியா உக்காந்திருந்தத வச்சு ஜனங்க முணுமுணுக்காங்க."

ஜெசிந்தா நேரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனாள். சண்முகவேல் கேட்டதைச் சொல்லி, "நீங்க சொல்லுங்கக்கா, மாத்திரவா?" என்றாள்.



"வேண்டாம். தேறினவன் எதுக்குக் கீழ கெடக்கணும்? மேல வரட்டும்." பிறகு ஸ்டெல்லா ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா ஒங்க ஆளு வந்துட்டாம்னு நீங்கள்லாம் எந்திரிச்சுப் போயிராதீங்க."