கதவைப் புறங்கையால் தொடவும்

கதவு சூடாக இருந்தது. கையைச் சுடுகிற சூடு இல்லை. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. ஜெனிதா கையை எடுத்தாள், சேலையில் துடைத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அப்போதும் சூடுதான்.

மடியில் கிடந்த போனில் நூர் முஹம்மது சார் பேசிக்கொண்டிருந்தார். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு கல்லூரிக்காக ஆன்லைனில் தீத்தடுப்புப் பாடம் எடுக்கிறார். ஆறு மாதப் படிப்பை ஆறே வாரத்தில் முடித்தாக வேண்டும் என்பதால் மூச்சு விடாமல் பேசுவார்.

"மூடின கதவைப் புறங்கையால தொட்டுப் பாருங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும், மெதுவா. சூடா இருந்தா அந்தப் பக்கம் நெருப்பு இருக்கு. திறக்காதீங்க."

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஜெனிதாவுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. தி.நகரில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடையின் நாலாவது மாடி அது. கடைசியில் சரக்கு அறை, அதன் மூலையில் இந்த இரும்புக் கதவு, கதவுக்குப் பின்னால் ஜன்னலைக்கூடச் செங்கல் வைத்து அடைத்துவிட்ட பழைய பின்படி. அவள் சேர்ந்த நாளிலிருந்து அது பூட்டியே கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வகுப்பைக் கேட்க அமைதியான இடம் என்றுதான் அங்கே போய் உட்கார்ந்தாள்.

கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க, தீத்தடுப்பு படித்த ஓர் ஆள் வேண்டுமாம். மேனேஜர் பத்ரிநாராயணன் இவளைப் பொறுக்கி எடுத்தார். பிளஸ் டூ பாஸ், எதிர்த்துப் பேசமாட்டாள் என்று கணக்குப் போட்டார். முதலாவது சரி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவுக்குப் பிறந்தவளைப் பற்றி இரண்டாவதை எப்படித்தான் நினைத்தாரோ.

படிப்பு அவள் தூக்கத்தைக் கெடுத்தது. தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது சாம்பிராணித் தட்டை ஏந்திக்கொண்டு ஒருத்தி எல்லா மாடிக்கும் போய் வருவாள். அந்தப் புகைக்கு அலாரம் அலறக் கூடாது என்று, கூரையில் இருக்கிற புகை காட்டும் கருவிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் தலைக்கு மேலே இருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. அன்றைக்குச் சாம்பிராணி சரக்கு அறையைத் தாண்டிப் போன பிறகும் அதன் அடியில் வேறொரு வாடை நின்றது. முடி கருகுகிற வாடை. அசல் பட்டு எரிந்தால் முடி கருகுகிற மாதிரி நாறும் என்று சார் சொல்லியிருந்தார். எதுவும் எரியவில்லை. எல்லா அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டாள்.

இயர்போன் கெட்டுப்போனதால் மறுநாள் பாடத்தை ஸ்பீக்கரில் வைத்தாள். மாட்டிக்கொண்டால் ஈரத்துணியைக் கதவடி இடைவெளியில் திணிக்க வேண்டும், புகையில் நிமிர்ந்து நடக்காமல் தவழ்ந்து வர வேண்டும் என்று சார் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த நாள் அவள் வந்து உட்கார்ந்தபோது இரும்புக் கதவின் அடியில் ஈரத்துணி திணித்திருந்தது. உள்பக்கத்திலிருந்து.

கொஞ்சம் நுனி வெளியே தெரிந்தது. மாம்பழ மஞ்சள், கரிந்த ஓரம். கடைப் பெண்களின் சீருடைச் சேலை நீலம். எலி இழுத்து வந்ததாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

யாரோ திருப்பி இழுத்தார்கள்.

கூட்டிப் பெருக்கும் அங்காளம்மாளைத் தேடிப் போய்க் கேட்டபோது ஜெனிதாவின் குரல் அவள் குரலாக இல்லை. "அக்கா, இந்தக் கடையில மஞ்ச சேலை எப்போ இருந்துச்சு?"

அங்காளம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அது நீ வர்றதுக்கு முன்ன. பின்படில நெருப்பு புட்ச்சிக்கிச்சே, அதுக்கப்புறம் கலரை மாத்திட்டாங்கோ."

"நெருப்பா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"சரக்கு மட்டும்தான் போச்சுன்னாங்கோ. மேல தங்கி வேலை செஞ்ச பொண்ணுங்கோ கொஞ்ச பேரு மறுநா வர்ல. ஊருக்குப் போய்ட்டாங்கன்னு சொன்னாங்கோ." அங்காளம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "சேலைய சுருட்டிகினு போய்டுவாங்கன்னு பின்படியோட கீழ் கேட்டு எப்பவும் பூட்டித்தான் இருக்கும். பொக வருதுன்னு மேல் கதவையும் யாரோ இழுத்து சாத்திட்டாங்கோ."

"நீ கேக்கலியா?"

"யாராண்ட போய் கேக்கறது?"

மறுநாள் சாப்பாட்டு நேரம். ஜெனிதா கதவிலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தாள். சாரின் குரல் அறையில் எதிரொலித்தது. குரல் எழுப்ப முடியாவிட்டால் தட்டுங்கள், மூன்று தட்டு, நிறுத்தி மறுபடி மூன்று தட்டு, யாராவது கேட்பார்கள் என்றார்.

டொக். டொக். டொக்.

போனிலிருந்து வரவில்லை.

டொக். டொக். டொக்.

கழிப்பறைக்கு ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வேளாங்கண்ணி மாதாவை எத்தனை தடவை கூப்பிட்டாளோ. அப்புறம், குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பயத்துக்கு நடுவிலேயே கோபம் வந்தது. அடங்காத கோபம். உள்ளே இருப்பவர்கள் பாடம் கேட்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், செத்த பிறகு படிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கு அதே மாடியில் நிற்கும் நீலச் சேலைப் பெண்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதே கதவு. அதே பூட்டு.

அடுத்த நாள் அவள் அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பல் கிட்டிக்கொண்டது. போனின் சத்தத்தை முழுசாக ஏற்றினாள். "கேளுங்கடி" என்றாள்.

முதுகில் சூடு ஏறியது. எழுந்திருக்கவில்லை.

கடைசி வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "ஏம்மா, ஏதோ டிரில் பண்ணி வீடியோ அனுப்பணுமாமே. முன்படி வழியா பொண்களை இறக்கி எடுத்துண்டு போ. அப்படியே பின்படியும் கிளியரா இருக்குன்னு இதுல ஒரு கையெழுத்து."

"தொறந்து காட்டுங்க சார், போட்றேன்."

"அது பழைய படிம்மா. அங்கே யாரும் இல்லை."

"யாரும் இல்லன்னு நான் சொன்னேனா சார்? இன்னாத்துக்கு நீங்களா சொல்றீங்க?"

அவர் முகம் வெளிறியது. பேனாவை மூடினார். "உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். உசுரோட வேணும்."

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிட்டாள். நேரே பின்சந்துக்குப் போய், வாட்ச்மேன் குப்பனிடம் கீழ் கேட்டின் சாவியைக் கேட்டாள்.

"மேனேஜர் சொல்லாம தொறந்தா என் வேலை பூடும்மா."

"மாமா, உன் பொண்ணு நிஷா நாலாவது மாடிலதான் நிக்கறா."

குப்பன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு அங்கே நின்றான்.

மேலே ஜெனிதா பிளாஸ்டிக் மூடிகளைப் பிடுங்கி எறிந்தாள். பெண்கள் சரக்கு மூட்டைகளை நகர்த்திப் போட்டார்கள். சாம்பிராணித் தட்டை அவளே தூக்கிக் கருவிக்குக் கீழே பிடித்தாள். அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக அலாரம் அலறியது. சுத்தியலால் பூட்டை உடைத்தாள். புறங்கையை வைத்தாள். கொதித்தது. திறக்காதே என்பதுதான் பாடம். அதை மட்டும் மீறினாள்.

உள்ளே நெருப்பு இல்லை. இருட்டு. போன் வெளிச்சத்தில் கதவின் உட்பக்கம் தெரிந்தது. கரி படிந்த உள்ளங்கைகள். மேலே ஒன்றும் இல்லை, எல்லாம் அடியில்தான், உட்கார்ந்தபடி தட்டிய உயரத்தில். பெண்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினாள். படியில் எதுவும் இடறவில்லை. கீழே குப்பன் கேட்டைத் திறந்திருந்தான். திருப்பத்துக்கு அப்பால் வெயில் கொஞ்சம் விழுந்தது. கடைசித் திருப்பத்தின் இருட்டில் நின்றுகொண்டு, "வாங்கடி!" என்று கத்தினாள்.

வந்தார்கள். இருட்டில் ஆளை விடாமல் எண்ண, ஒவ்வொருவர் தோளையும் தொட வேண்டும் என்பது பாடம். தொட்டாள். குளிர்ந்த தோள்கள், வேர்த்த தோள்கள், சிரித்துக்கொண்டே போன தோள்கள். எல்லாம் வெயிலுக்குப் போயின.

"அக்கா, நான்தான் லாஸ்ட்டு" என்றாள் நிஷா. அவளும் போய்விட்டாள்.

போன் சூடேறி அணைந்தது.

மேலே சேலை உரசியது. காலடிச் சத்தம் இல்லை. ஜெனிதா தோள் உயரத்தில் கையை நீட்டினாள். காற்றுதான் இருந்தது.

முழங்காலில் ஏதோ உரசிக்கொண்டு போனது.

தவழ்ந்து வருகிறார்கள். சொல்லித்தந்த மாதிரி.

முடி கருகும் வாடை. குனிந்தாள். கைக்கு ஒரு தோள் அகப்பட்டது. சுட்டது. அது நகர்ந்து போய், அடுத்தது வந்தது. கை வெந்தது. எடுக்கவில்லை.

"எல்லாரும் வந்துட்டாங்களா? கேட்டைப் பூட்டலாமா?" கீழேயிருந்து குப்பன்.

"பூட்டாத மாமா. இன்னும் வர்றாங்க."

சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

கடைசியாக வந்தவள் போகவில்லை. தவழ்ந்தபடியே ஜெனிதாவின் காலடியில் நின்றுவிட்டாள். மெல்ல எழுந்தாள். மூச்சு இல்லை. சூடு மட்டும், முகத்துக்கு நேரே. திருப்பத்திலிருந்து கசிந்த வெளிச்சத்தில் தெரிந்தது, ஈர மஞ்சள் துணி மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. அதற்கு மேலே கண்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜெனிதாவுக்குத் தோன்றியது. பார்த்தாள். "போடி. தொறந்துதான் கீது" என்றாள்.

அவள் போகவில்லை. கையைத் தூக்கினாள். உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பினாள். புறங்கை ஜெனிதாவின் நெற்றியில் பட்டது. மேலேர்ந்து கீழ வரைக்கும். மெதுவா. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு, அது இறங்கிக்கொண்டிருந்தது.