ஒரே எண்ணில் திறந்த தெரு

மெரின் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தான் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்ட செய்தி அத்தை வழியாக வந்தது.

கடலூரிலிருந்து போன் செய்த அத்தை முதலில் நன்றாகச் சிரித்து முடித்தார். பிறகு, அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மெரினின் படம் பிரமாதம் என்று பாராட்டினார்.

மெரின் ஓடிப்போய் அம்மாவின் போனைப் பார்த்தாள். வாயிலிருந்த பற்பசை நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

எந்தப் படம் உலகத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தாளோ, அந்தப் படம்.

மாதா கோயில் நாடகத்தில் அவளுக்குச் சம்மனசு வேடம். வானதூதரைத்தான் அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள். சிறகு கிடைக்காததால் அம்மா இரண்டு முறங்களை அவள் முதுகில் கட்டிவிட்டார். சம்மனசு வாசற்படியைத் தாண்டும்போது முறம் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வெள்ளைக் கவுன், பிளந்த வாய், ஒழுகும் மூக்கு. எல்லாம் படத்தில் தெளிவாக இருந்தன.

"ஏம்மா போட்ட?"

"நான் எங்கடி போட்டேன்?" அம்மா இருதயமேரியின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. "எனக்கு ஸ்டேட்டஸ் போடவே தெரியாது."

அது உண்மை. அழிக்கவும் தெரியாது. மெரின்தான் அழித்தாள். அதற்குள் பாதி ஊர் பார்த்திருந்தது. நேற்று மாலையே போட்டிருக்கிறார்கள்.

அந்தப் போனைத் திறக்க நம்பர் வேண்டும். ஒன்று, ஐந்து, பூஜ்யம், எட்டு. அது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெரினுக்கும் மட்டுமே தெரியும். அப்பாவோ பஸ் ஓட்டிக்கொண்டு பெங்களூரு போயிருந்தார். அப்படியென்றால் வேறு யாரோ போனுக்குள் புகுந்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தப் படம். நாளைக்கு?

யோசிக்க யோசிக்க மெரினுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. ஜெர்ரியின் முகம்.

அது ஜெபமாலை மாதம். மிஷன் வீதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் சந்தில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, தினமும் மாலை ஒரு வீட்டுக்குப் போகும். சந்தே அங்கே கூடிச் செபம் சொல்லும். மாதாவைக் கும்பிட இந்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். நடுவில் போன் அடித்துத் தொல்லை கொடுப்பதால், எல்லோரும் போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடைக்கு ஒரு பிள்ளை காவல். நேற்றுக் காவல் இருந்தது எதிர்வீட்டு ஜெர்ரி.

பள்ளிக்கூடத்தில் அவனே வந்து, "சம்மனசு, இன்னைக்கு எப்படி வாசல் தாண்டின?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நீதானே போட்டாய் என்று மெரின் கேட்டதற்கு, சத்தியமாக இல்லை என்றான். கூடையைத் தொடவே இல்லை, சுண்டல் தாளிக்கிற வாசனை வந்ததும் அடுப்படிப் பக்கம் போய்விட்டேன் என்றான். மெரின் நம்பவில்லை.

அன்று மாலை சுரூபம் ஜெர்ரி வீட்டில். கூடைக்கு நான் காவல் இருக்கிறேன் என்று மெரின் முந்திக்கொண்டாள். உள்ளே செபம் தொடங்கியது. கூடையில் போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முக்கால்வாசி ஒரே மாதிரி கறுப்புப் போன், ஒரே மாதிரி கறுப்பு உறை. ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில் வாங்கியவை.

ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு போன் அலாரம் அடித்தது. ஜெர்ரியின் அம்மா ஜோவிதாவின் போன். நிறுத்தப் போன மெரினின் கட்டைவிரல், வீட்டுப் பழக்கத்தில் தானாகவே ஒன்று, ஐந்து, பூஜ்யம், எட்டு என்று அழுத்திவிட்டது.

போன் திறந்துகொண்டது.

மெரின் அதை அப்படியே வெறித்தாள். பக்கத்தில் கிடந்த, அடுத்த வீட்டுச் சுலோசனா அக்காவின் போனை எடுத்து அதே எண்ணை அழுத்தினாள். திறந்தது. இன்னொன்று. அதுவும் திறந்தது. சந்தில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் காற்றில் படீரென்று திறந்துகொண்டது போல இருந்தது.

பிறகு ஒரு கெட்ட யோசனை வந்தது. ஜெர்ரி வீட்டுப் போன் கையில்தான் இருக்கிறது. அவனுக்கும் ஒரு படம் இல்லாமலா போகும்?

இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. அவன் அப்பா போன வாரம்தான் பிரான்சுக்கு வேலைக்குக் கிளம்பினார். சென்னை விமான நிலையத்தில், வகுப்பிலேயே உயரமான ஜெர்ரி, அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தான். பிளந்த வாய். ஒழுகும் மூக்கு.

ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும். மெரினின் விரல் அங்கேயே நின்றது. வகுப்பு எப்படிச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில்தான் கேட்டிருந்தாள்.

போனை அணைத்துக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தாள். சம்மனசுக்கு இதெல்லாம் ரொம்பக் கஷ்டமான வேலை என்று தோன்றியது.

அப்போது உள்ளேயிருந்து பக்கிரி மாமா மெதுவாக வெளியே வந்தார். மூன்றாவது வீட்டுக்காரர். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கூடைக்குள் கையை விட்டு ஒரு கறுப்புப் போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். திறந்தது.

திரையில் மெரினின் அப்பா பஸ்ஸோடு நின்றார். "மாமா, அது எங்கம்மா போன்."

"எம்போனுதான் பாப்பா. நம்பர் போட்டேன், தொறந்துச்சே."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். தவளக்குப்பத்தில் மகளுக்குப் பெண் குழந்தை, அதற்கு முதல் பிறந்தநாள். வெள்ளைக் கவுன் போட்டு எடுத்த படத்தை நேற்றுச் செபத்துக்கு வந்திருந்தபோதுதான் ஸ்டேட்டஸில் போட்டார். ஒருத்தராவது நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டாமா? அதனால் இன்னொரு முறை போடுகிறார். பச்சைப் பொத்தான், அப்புறம் முதலில் இருக்கிற படம். மகள் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நேற்று அம்மாவின் போனில் முதலில் இருந்த வெள்ளைக் கவுன் யாருடையது என்று மெரினுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு முதலில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அம்மாவின் ஏடிஎம் கார்டு. தொலைந்துபோனால் உதவும் என்று மதியம்தான் அம்மா அதைப் படம் எடுத்திருந்தார். மறந்துபோனால் உதவும் என்று ரகசிய எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்திலேயே வைத்து எடுத்திருந்தார்.

பக்கிரி மாமாவின் விரல் பச்சை அம்புக்குறிக்கு மேலே இருந்தது.

"வேணாம் மாமா," என்று அலறி மெரின் போனைப் பிடுங்கினாள்.

செபம் நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் கையிலிருந்து பிடுங்குகிறாயா என்று அம்மா கையை ஓங்கினார். மெரின் படத்தைக் காட்டினாள். ஓங்கிய கை அப்படியே அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டது.

மாமா தெரிந்து செய்யவில்லை என்று முதலில் சொன்னாள் மெரின். பிறகு போன்களை வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொன்றிலும் அதே எண்ணை அழுத்திக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திறக்கத் திறக்க, கூட்டம் குனிந்து குனிந்து பார்த்தது.

"ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளாச்சே, மறக்காதுன்னு வெச்சேன்," என்றார் ஜோவிதா.

"சுதந்திர தினம். கொடியேத்துற நாளு, எனக்கும் மறக்காது," என்றார் சுலோசனா அக்கா.

மறக்கக்கூடாது என்பதில் சந்து முழுவதும் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறது.

பக்கிரி மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். மெரினைப் பார்த்தார். "அப்ப எம்பேத்திய யாருமே பாக்கலயா?" என்றார், பாவமாக.

மெரினுக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அவருடைய போனைத் தேடி எடுத்துக் கொடுத்து, படத்தைப் போடலாமா என்று மகளிடம் கேட்கச் சொன்னாள். மகள் சரி என்றாள். மெரின் போட்டுக் கொடுத்தாள். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் தங்கள் போனில் பார்த்துவிட்டு, குழந்தை அழகு என்றார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு புது நம்பர் வைத்தார்கள். அம்மா அந்தக் கார்டு படத்தை அழித்தார், துண்டுத் தாளையும் கிழித்துப் போட்டார். மீதிச் செபத்துக்கு மாதா பொறுமையாகக் காத்திருந்தார்.

ஜெர்ரி மட்டும் படியில் வந்து உட்கார்ந்தான். தலை குனிந்திருந்தது.

"எங்கம்மா போனையும் தொறந்தியா?"

"தொறந்தேன். ஒன்மேல கோவத்துல ஒரு போட்டோவும் பாத்தேன். மூடிட்டேன். தப்புதான்."

ஜெர்ரியின் காது சிவந்தது.

"யார்கிட்டயாவது சொல்லுவியா?"

"மாட்டேன்."

"நான் ஒண்ணும் அழல," என்றான் ஜெர்ரி. "வெயிலு, கண்ணு கூசிச்சு."

"ஆமாமா," என்றாள் மெரின். "ஏர்போர்ட்டுக்குள்ள ஒரே வெயிலு."

ஜெர்ரி நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. அவன்தான் முதலில் சிரித்தான்.