பதினேழரை கிலோ தண்ணீர்

பகல் 1:20.

தராசின் முள் நூற்றைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

யோரின்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நூறு கிலோதான். நூற்றிருபதுக்கு மேல் வந்திருக்க வேண்டும்.

"தராசுல ஏதோ கோளாறு," என்றாள்.

"காலையில நானே சரிபார்த்தேனே," என்றார் ஆலீடா ப்ரைன்ஸ்மா.

1996 ஜூன் மாதம். ஸான் ஆற்றங்கரையில் மிட்டாய்களுக்கு எசன்ஸ் காய்ச்சும் சின்னத் தொழிற்சாலை அது. அன்று வாழைப்பழ எசன்ஸ். பழைய முறையில் ஒரு கிலோ எசன்ஸ் எடுத்தால் மூன்று கிலோ கழிவு சேரும். அந்த முறையைப் பதினான்கு வருஷத்துக்கு முன் அமைத்தவர் உற்பத்தித் தலைவர் ருட்கர் ஃபான் டாலன். கழுவலே இல்லாத, கழிவு மிகக் குறைந்த புது முறை ஒன்றை இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தவள் யோரின்டே. அன்று மூன்றாவது சோதனை, கடைசிச் சோதனையும்கூட. நூற்றிருபது கிலோ தேறாவிட்டால் புது முறையை மூட்டை கட்டிவிடுவது என்று முதலாளி வில்லமீன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஆலீடா வெளியாள். எந்தத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டாலும் போவார். உள்ளே போன சரக்கு எவ்வளவு, பொருளாக வெளியே வந்தது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று எடை போட்டுச் சொல்வார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் பார்க்காத குப்பைப் பீப்பாய் இல்லை.

அவர் தன் தாளைப் படித்தார்.

"உள்ளே போட்ட கலவை, நூற்று நாற்பத்தெட்டு கிலோ. வந்த எசன்ஸ், நூறு. கொதிகலன் அடியில மிச்சம், முப்பதரை. பிரிஞ்ச தண்ணி, பதினேழரை. கூட்டினா நூற்று நாற்பத்தெட்டு."

"பாருங்க, ஒரு கிராம்கூடக் குறையல," என்றார் ருட்கர். ஒரு குளிர்ந்த மோர்ப் பாட்டிலைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார். "யாரும் எதையும் எடுக்கல. முப்பது கிலோ சரக்கு வேகாம பச்சையாவே கிடக்கு. முறை தோத்துப்போச்சு, அவ்வளவுதான். வருத்தமாத்தான் இருக்கு, யோரின்டே."

யோரின்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காதுல என்ன?" என்று கேட்டார் ஆலீடா.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு."

ஆலீடா தாளை மறுபடி படித்தார். பென்சிலால் ஓரத்தில் ஏதோ பெருக்கினார். பிறகு, "யாரும் வெளியே போகாதீங்க. சாப்பாட்டு அறையில உட்காருவோம்," என்றார்.

1:35.

"கொதிகலனை எப்ப நிறுத்தினீங்க?" என்று ஆரம்பித்தார் ஆலீடா.

"பதினொண்ணு ஐம்பது," என்றார் டௌவே. கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் அவர்; பேச்சைவிடத் தலையாட்டல்தான் அதிகம். "எசன்ஸ் ஆறட்டும்னு விட்டுட்டு அறையைப் பூட்டினோம்."

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. யோரின்டேகிட்ட ஒண்ணு. ருட்கர்கிட்ட ஒண்ணு."

"யோரின்டேயும் முதலாளியும் என்கூட இங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நீங்க?"

"குளிச்சேன். அப்புறம் தேனீக்கூட்டைப் பார்க்கப் போனேன். கால்வாய் ஓரமா, படகுக் கொட்டகை பக்கத்துல எனக்கு ஆறு கூடு இருக்கு."

ருட்கர் சிரித்தார். "வேலை நேரத்துல எவனாவது குளிப்பானா? எதைக் கழுவினாரோ!"

"எசன்ஸ் காய்ச்சுற நாள்ல குளிக்காம, சட்டை மாத்தாம கூட்டுப் பக்கம் போகவே மாட்டேன்," என்றார் டௌவே. "அப்படிப் போயும் இன்னிக்கு கிட்டக்க விடல. பன்னிரண்டே முக்கால் இருக்கும். எல்லாக் கூடும் கொதிச்சுக் கிடக்கு. எட்டு வருஷத்துல இப்படிப் பார்த்ததில்ல. அப்படியே திரும்பி ஓடி வந்துட்டேன்."

"நீங்க எங்க இருந்தீங்க, ருட்கர்?"

"என் அறையில. கடிதம் எழுதிட்டு இருந்தேன். ஒரு மணிக்கு இங்க வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். நீங்களே பார்த்தீங்களே!"

"பார்த்தேன். காதுல கையை வச்சுக்கிட்டே சாப்பிட்டீங்க."

ஆலீடா முதலாளியிடம் குனிந்து ஏதோ சொன்னார். வில்லமீன் எழுந்து போனார்.

1:50.

வில்லமீன் திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"கொதிகலன் அறையில நாளைக்குன்னு கலந்து வச்ச பீப்பாயை எடை போட்டேன். அதுலயும் நூற்று நாற்பத்தெட்டு இருக்கணும். நூற்றிருபத்திரண்டுதான் இருக்கு."

"இருபத்தாறு குறையுது," என்றார் ஆலீடா. "நான் நினைச்சதும் அதுதான்."

யோரின்டே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் எசன்ஸைப் பார்த்தீங்க, கூட்டுத்தொகையைப் பார்த்தீங்க. தண்ணியை யாரும் பார்க்கல," என்றார் ஆலீடா. "கலவையில இருக்கிற மதுசாரமும் அமிலமும் சேர்ந்து எசன்ஸ் ஆகும்போது கூடவே தண்ணியும் பிறக்கும். இரட்டைப் பிள்ளை மாதிரி. ஒண்ணை விட்டு ஒண்ணு வராது. நூற்று முப்பது கிலோ எசன்ஸ் உருவானா பதினெட்டு கிலோ தண்ணி. கூடவும் வராது, குறையவும் வராது. இங்க தண்ணி பதினேழரை வந்திருக்கு. அப்படின்னா எசன்ஸ் எவ்வளவு உருவாகியிருக்கும், யோரின்டே?"

"நூற்று..." யோரின்டேயின் உதடுகள் கணக்குப் போட்டன. "நூற்று இருபத்தாறு!"

"நூறு கிலோதான் உருவாச்சுன்னா தண்ணி பதினாலு கிலோகூட வந்திருக்காது. உன் முறை தோக்கலம்மா. நல்லா ஜெயிச்சிருக்கு. அப்புறம்தான் யாரோ இருபத்தாறு கிலோ எசன்ஸை ஒரு கேன்ல இறக்கிட்டு, நாளைய பீப்பாய்ல இருந்து அதே அளவு பச்சைக் கலவையைக் கொதிகலன்ல ஊத்தியிருக்காங்க. கூட்டினா சரியா வரும். பார்க்கிறவங்க சரக்கு வேகலன்னு நினைப்பாங்க."

"கலவையில முன்னாடியே ஈரம் இருந்திருக்கலாமே!" என்றார் ருட்கர் சட்டென்று.

"காலையில சோதிச்சேன். ஈரமே இல்ல. தண்ணியையும் பதினொண்ணு ஐம்பதுக்கே எடை போட்டு முத்திரை வச்சுட்டேன். எங்க போனாலும் குப்பையைத்தான் முதல்ல நிறுப்பேன். அது உங்களுக்குத் தெரியாது."



"மூணு சாவியில ஒண்ணு என் கண் முன்னாடியே இருந்துச்சு. மீதி ரெண்டு," என்று தொடர்ந்தார் ஆலீடா. "டௌவே, எசன்ஸ் நாள்ல ஏன் குளிக்கிறீங்க?"

"தேனீ கொட்டும்போது ஒரு வாசனையை விடும் மேடம், மத்த தேனீயையும் சண்டைக்குக் கூப்பிட. அந்த வாசனையில இருக்கிறதும் நம்ம வாழைப்பழச் சரக்குதான். அந்த வாசனையோட போனா எதிரி வந்துட்டான்னு பாய்ஞ்சிடும்."

"நீங்க குளிச்சுட்டுப் போனீங்க. அதுக்கு முன்னாடியே கூடு கொதிச்சுக் கிடந்துச்சு. அப்ப வாழைப்பழ வாசனையோட அந்தப் பக்கம் வேற யாரோ போயிருக்காங்க. ருட்கர், பாட்டிலைக் கொஞ்சம் கீழே வைங்க."

ருட்கர் வைத்தார். காது அவித்த பீட்ரூட் போலச் சிவந்து வீங்கியிருந்தது. மடலின் நடுவே ஒரு சின்னக் கறுப்பு முள்.

"அலமாரிக் கதவுக்குக் கொடுக்கு இருக்கா?" என்றார் ஆலீடா.

டௌவே வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

ருட்கர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். "படகுக் கொட்டகையில இருக்கு. தார்ப்பாய்க்குக் கீழே," என்றார். "பதினாலு வருஷம். ஒவ்வொரு குழாயும் என் கையால பூட்டினது. புது முறை வந்தா எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான். அதைப் பார்க்க முடியும்னு எனக்குத் தோணல."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே," என்றாள் யோரின்டே. "குளிர்விக்கிற குழாய் எனக்கு இன்னும் சரியா வரல. உங்களைக் கேக்கணும்னு மூணு மாசமா நினைக்கிறேன், பயந்துக்கிட்டு கேக்கல."

ருட்கர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் காதின் வலி அவருக்கு மறந்து போனதுபோல் இருந்தது.

"சாவியைக் கொடுங்க," என்றார் வில்லமீன். "தலைவர் பதவி இனி கிடையாது. வீட்டுக்குப் போங்க. திங்கக்கிழமை வந்து யோரின்டேகிட்ட வேலை கேளுங்க. அவ சரின்னா எனக்கும் சரி."

2:30.

எல்லாரும் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தேனீ உடையில் டௌவே கேன் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே ஒரு கறுப்பு மேகம்.

"கதவு! கதவைத் திறங்க! இல்ல, திறக்காதீங்க! வாளியில தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினார். வில்லமீன் சிரித்துச் சிரித்து ஜன்னல் கட்டையில் சாய்ந்துவிட்டார்.

கேனின் வெளிப்புறத்தைக் கழுவி, அதிலிருந்த எசன்ஸையும் நூறு கிலோவோடு சேர்த்துத் தராசில் ஏற்றினார்கள். முள் நூற்றிருபத்தாறைக் காட்டியது.

ஆலீடா தாளின் கடைசி வரியை எழுதினார். "ஒரு கிலோ எசன்ஸுக்குக் கழிவு, நூற்றெழுபத்தைந்து கிராம்."

"மூணு கிலோ இருந்த இடத்துலயா?" என்றார் வில்லமீன்.

யோரின்டே தேனீ உடையிலிருந்த டௌவேயை அப்படியே கட்டிப்பிடித்துச் சுற்றினாள். பிறகு மூச்சு வாங்க ஆலீடாவிடம் வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்."

"நூற்றெழுபத்தைந்து கிராம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

ஆலீடா பென்சிலைப் பைக்குள் போட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் சொன்னார்.